யாழ்ப்பாணத்தில் விலைக்கழிவுடன் கிராபிக்ஸ் கார்டு வாங்குவோருக்கு

கணினித் திரைக்கான படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் விலைச்சீட்டில் ‘20 வீதக் கழிவு’ என்று எழுதியிருந்தால், அந்த 20 வீதம் எந்த விலையிலிருந்து கழிக்கப்பட்டது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடந்த மாதம் ஏற்றிய விலையை இந்த மாதம் இறக்கிக் காட்டினால் அதைக் கழிவு என்று சொல்வதற்கில்லை. அதேபோல, கார்டில் 15,000 ரூபா மிச்சம் பிடித்துவிட்டு, அதை ஓடவைப்பதற்காக, கணினிக்கு மின்சாரம் வழங்கும் புதிய பவர் சப்ளைக்கு 20,000 ரூபா கொடுக்க நேர்ந்தால் அந்த மிச்சமும் கணக்கில் நிற்காது. ஆகவே, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வீட்டுக் கணினிக்குக் கார்டு தேடுபவர், கார்டின் விலையோடு அது தன் வீட்டுக் கணினியில் ஓடத் தேவையான மற்றச் செலவுகளையும், பழுதானால் கொழும்புக்கு அனுப்பி எடுக்கும் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே ஒரு விலை மலிவானதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தேவையைப் பார்ப்போம்

பாடசாலை வேலை, அலுவலக வேலை, ஸூம் வகுப்பு, யூடியூப் ஆகியவற்றுக்கு மட்டும் கணினியைப் பாவிப்பவருக்குத் தனியான கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அண்மைக் காலப் புரொசசர்களில் உள்ளடங்கியிருக்கும் கிராபிக்ஸே போதும். படங்களைத் திருத்துபவருக்குக்கூட முதலில் ராம் கூட்டுவதுதான் பயன்தரும். கலியாண வீடியோ தொகுப்பவர்கள், முப்பரிமாண வடிவமைப்புச் செய்பவர்கள், கணினி விளையாட்டு ஆடுபவர்கள் ஆகியோருக்குத்தான் கார்டு உண்மையில் வேலை செய்யும். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெல் ஐ5 12400எஃப் போன்று பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள புரொசசர்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது என்பதால், ஏதாவதொரு கார்டு இல்லாமல் அந்தக் கணினியில் படமே வராது. அத்தகைய கணினி வைத்திருப்பவர் சாதாரண வேலைக்கு மட்டும்தான் அதைப் பாவிக்கிறார் என்றால், பாவித்த சிறிய கார்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடிப்படை விலையைக் கணக்கிடும் முறை

இங்கு விற்கப்படும் கார்டுகள் யாவும் இறக்குமதியானவை என்பதால், அவற்றின் நியாயமான விலையை வீட்டிலிருந்தே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, 2025 மே மாதம் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 கார்டுக்கு நிறுவனம் அறிவித்த விலை 299 அமெரிக்க டொலர். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 89,700 ரூபா ஆகிறது. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியைச் சேர்த்தால் 105,846 ரூபா. இதற்கு மேல் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, கப்பற் கூலி, முகவரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் என்பன சேரும். வாங்கும் நாளின் டொலர் விலையைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். கேட்கும் விலை உங்கள் தொகைக்குச் சற்று மேலே இருந்தால் அது வழக்கமான விலை. அந்தத் தொகையை ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருந்தால் நல்ல கழிவு. பாதி விலைக்குப் ‘புதியது’ என்று யாராவது சொன்னால், அந்தப் பெட்டிக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய சரக்கில் இந்தக் கணக்கு இன்னும் உதவும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பிறகு, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள்ளேயே 360 ரூபாவைத் தாண்டியது. அந்தக் காலத்தில் இறக்கப்பட்ட கார்டு ஒன்று கடையில் தேங்கியிருந்தால், அதன் பழைய விலையில் 30 வீதம் குறைத்தாலும் இன்று வரும் புதிய தலைமுறைக் கார்டைவிட விலை கூடுதலாகவே இருக்கக்கூடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கழிவும் உண்மையானதுதான். ஆனால் அதை வாங்குவதில் உங்களுக்கு இலாபம் இல்லை.

கழிவுக் காலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதாம்: சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார், அவற்றோடு நவம்பர் மாத ஒன்லைன் விற்பனைகள். அந்த நாட்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் விரும்பும் மொடலின் விலையைக் கொழும்புக் கடைகளின் இணையத்தளங்களில் பார்த்து, திகதியுடன் படம்பிடித்து வைத்துக்கொண்டால் விலையை ஏற்றி இறக்கும் வித்தை உங்களிடம் பலிக்காது. பொறுத்திருந்தால் எப்போதும் விலை குறையும் என்ற பழைய நம்பிக்கையை மட்டும் விட்டுவிட வேண்டும். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. நினைவகம் கூடிய கார்டுகளை அது முதலில் தாக்கும்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

விலை குறைந்த கார்டுகளில் வாங்குபவர் அதிகம் ஏமாறுவது போலிச் சரக்கினால் அல்ல. நிறுவனங்களே ஒரே பெயரில் இரண்டு விதமான கார்டுகளை விற்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 2021 இல் வந்தது 12 ஜிபி நினைவகமும் 192 பிட் நினைவகப் பாதையும் கொண்டது; 2022 இறுதியில் அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் என்று இன்னொன்று வந்தது, அது வேகத்திலும் குறைந்தது. ஆர்டிஎக்ஸ் 3050 இலும் இதே கதைதான்: 2022 இன் 8 ஜிபி கார்டும் 2024 இன் 6 ஜிபி கார்டும் நினைவக அளவில் மட்டுமல்லாமல் சில்லின் பலத்திலும் வேறுபடுகின்றன, 6 ஜிபி கார்டே பலம் குறைந்தது. ஜிடி 1030 என்ற சிறிய கார்டின் டிடிஆர்4 நினைவகம் கொண்ட வகை, அதன் ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே தருகிறது. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது பெயர் மட்டுமே. நினைவகத்தின் அளவும் வகையும் சிறிய எழுத்தில் இருக்கும். அதை வாசித்து, பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 பாவித்த கார்டுச் சந்தையில் அடிக்கடி அகப்படுவது. 2017 இல் வந்த உண்மையான ஆர்எக்ஸ் 580 இல் 2304 கணிப்பு அலகுகள் உண்டு. ‘2048எஸ்பி’ என்ற ஒட்டுப் பெயருடன் வருவது உண்மையில் ஆர்எக்ஸ் 570 இன் தரமே. சீனாவிலிருந்து ‘புதியது’ என்று வருபவற்றில் பல, பழைய சில்லுகளைப் புதிய பலகையில் பொருத்தியவை. இன்னும் இரண்டு வகைகளையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பி106-100 என்பது நாணய அகழ்வுக்காக, அதாவது கார்டுகளைக் கணக்குப் போடவைத்து டிஜிட்டல் நாணயம் ஈட்டுவதற்காக, மட்டும் செய்யப்பட்டது. அதில் மொனிட்டரைப் பொருத்தத் துளையே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060எம் என்பது மடிக்கணினிச் சில்லை மேசைக் கணினிப் பலகையில் ஏற்றியது; அதற்குக் கார்டை இயக்கும் மென்பொருளான சாதாரண டிரைவர் பொருந்தாமல் திருத்திய டிரைவரைத் தேட வேண்டியிருக்கும். விலை எவ்வளவு குறைந்தாலும் இந்த இரண்டும் வீட்டுக் கணினிக்கு உகந்தவை அல்ல என்பதே என் கருத்து.

பழைய தலைமுறைகளில் மென்பொருள் ஆதரவும் விலையின் ஒரு பகுதிதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1070, 1080 ஆகியவற்றை உள்ளடக்கிய தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வழங்குவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஆர்எக்ஸ் 580 உம் ஏஎம்டியிடம் ஏறத்தாழ அதே நிலையில்தான் இருக்கிறது. பழைய விளையாட்டுகளுக்கு இவை இன்னும் போதும். ஆனால் அந்த நிலைக்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும். குறைந்த செலவில் சில ஆண்டுகள் ஓட வேண்டுமென்றால், ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர், ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி ஆகிய மூன்றையுமே நான் முதலில் தேடச் சொல்வேன்.

கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இருப்பவை வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் அல்லது எச்பி மேசைக் கணினிகள். அவற்றின் ஒடுங்கிய பெட்டிக்குள் பாதி உயரக் கார்டு மட்டுமே நிமிர்ந்து நிற்கும். பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயரும் பெரும்பாலும் இராது. இத்தகைய கணினிக்கு, மதர்போர்டின் துளையிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டையே வாங்க முடியும். 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, தனி வயர் கேட்காத வகை ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றில் பாதி உயர வடிவங்களும் உள்ளன. மேலே தரம் குறைந்தது என்று சொன்ன அதே 6 ஜிபி கார்டு, இந்தப் பெட்டிக்கு மிகப் பொருத்தமானதாகிவிடுகிறது.

கேசிங்குடன் சேர்த்துக் கிடைத்த பவர் சப்ளை உள்ளவர்கள், அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை நன்றாக வாசிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கலாம். அதற்குக் கீழேயுள்ள கட்டங்களில் ‘+12வி’ என்பதற்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அங்கே 18 என்று இருந்தால், 12 ஐ 18 ஆல் பெருக்க வருவது 216 வாட். புரொசசருக்கும் கார்டுக்கும் போய்ச் சேருவது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060 தனியே 170 வாட் வரை இழுக்கும், புரொசசரும் மற்றவையும் 100 வாட்டுக்கு மேல் கேட்கும். இந்தப் பவர் சப்ளை விளையாட்டின் நடுவே அணைந்துவிடும். கெட்ட காலமென்றால் கார்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வயர் போதாதென்று பழைய டிஸ்க் வயரிலிருந்து மாற்றி எடுக்கும் இணைப்பிகளை மலிவென்று பூட்டினால் அவை சூடேறி உருகக்கூடும். நல்ல பவர் சப்ளைக்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு, மிகுதியில் கார்டு தேடுவதே ஒழுங்கு. யூபிஎஸ் விடயமும் இதோடு சேர்ந்தது: 650 விஏ யூபிஎஸ்களில் பல 360 வாட் அளவையே தாங்கும். மின்சாரம் நின்றால் வேலையைச் சேமித்து அணைப்பதற்கு அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கேசிங்கின் உள் நீளத்தை அளவுநாடாவால் அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். மொனிட்டரில் பழைய நீல நிற விஜிஏ துளை மட்டும் இருந்தால், இன்றைய கார்டுகளில் அது இல்லை என்பதால் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக மாற்றும் இணைப்பியும் கணக்கில் வரும். மதர்போர்டு பழையதென்றால் இன்னும் இரண்டு கவனம் தேவை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு தரவு பரிமாற நான்கு பாதைகளை மட்டுமே பாவிப்பதால், அந்த இணைப்பின் பழைய தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பலகைகளில் அதன் வேகம் நன்றாகக் குறையும். வீடியோவைப் பதிவாக்கும் பகுதியும் அதில் இல்லை. இன்டெல் ஆர்க் பி580 விலைக்கு மிக நல்ல கார்டு, 12 ஜிபி நினைவகம் கொண்டது, ஆனால் கார்டின் முழு நினைவகத்தையும் புரொசசர் ஒரேயடியாக அணுகவிடும் ‘ரீசைசபிள் பார்’ வசதியில்லாத பழைய பலகையில் அதன் பலன் பெருமளவு போய்விடும்.

பாவித்த கார்டை நேரில் பார்ப்பது

2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணய வலையமைப்பு தன் முறையை மாற்றி, கார்டுகளால் அந்த நாணயத்தை அகழ்வதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உலகெங்கும் அகழ்வுக்காரர்களின் கார்டுகள் பாவித்த பொருட் சந்தைக்குள் வந்தன. அகழ்வில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. விசிறியும், சில்லின் சூட்டை வெப்பத்தகட்டுக்குக் கடத்தும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். நினைவகம் கெட்டிருந்தால்தான் வாங்கக் கூடாது.

விற்பவரோடு தொலைபேசியில் பேசும்போதே, “அண்ணை, கழட்டி வைக்காதேங்கோ, ஓடிக்கொண்டிருக்கேக்கையே வந்து பாக்கிறன்” என்று சொல்லிவிடுங்கள். கழற்றி மேசையில் வைத்திருக்கும் கார்டைப் பார்த்து எதையும் அறிய முடியாது. கணினி ஓடும்போது ஜிபியு-இசட் என்ற சிறிய செயலியைத் திறந்து, சில்லின் பெயர், கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை, நினைவகத்தின் வகையும் அளவும் ஆகியவற்றை நீங்கள் முன்பே குறித்து வைத்தவற்றோடு ஒப்பிட வேண்டும். பழைய என்விடியா சில்லுக்குப் புதிய பெயர் ஏற்றப்பட்டிருந்தால் அந்தச் செயலியே பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும். பின்னர் கார்டை முழுப் பலத்தில் வேலை வாங்கும் ஃபர்மார்க் போன்ற சோதனையைக் கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள். நம் ஊர் வெக்கையில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், வெப்பம் 80 பாகை செல்சியஸ் வரை ஏறுவது பெரிய குறையல்ல. சில்லின் சராசரி வெப்பத்துக்கும் ‘ஹொட்ஸ்பொட்’ என்று காட்டப்படும் மிகச் சூடான புள்ளியின் வெப்பத்துக்கும் இடையில் 30 பாகைக்கு மேல் இடைவெளி இருந்தால் பசை காய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். திரையில் நிறப் புள்ளிகளோ கட்டங்களோ கோடுகளோ ஒரு கணம் மின்னி மறைந்தாலும் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சோதனை முடிந்து சூடு ஆறிய பின்னர் கார்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இங்கு வெளியூர் வழிகாட்டிகளில் சொல்லப்படாத ஒன்று உண்டு. குடாநாட்டில் கடற்கரையை ஒட்டிய வீடுகளில், திறந்த யன்னலருகே ஆண்டுக்கணக்கில் இருந்த கணினியில் உப்புக் காற்று தன் அடையாளத்தை விட்டிருக்கும். பின்பக்கத் தகட்டின் ஓரங்களில் செம்மண் நிறத் துரு, திருகாணித் தலைகளில் வெண்மையான பூப்பு, எச்டிஎம்ஐ துளையின் உள்விளிம்பில் பச்சை படிந்த கறை, வெப்பத்தகட்டின் அலுமினிய இதழ்களை விரல் நகத்தால் தடவினால் மாவாக உதிரும் தூள்: இவற்றில் ஒன்று மட்டும், அதுவும் தகட்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பலகையில் உள்ள சிறு கூறுகளின் காலடியில் பச்சை தெரிந்தால் அந்தக் கார்டு இன்று ஓடினாலும் நாளைக்கு நிச்சயமில்லை. திருகாணிகளின் பிளவு சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். பசை மாற்றினேன் என்ற விடை நல்ல விடைதான். திருத்துவதற்காகச் சூடேற்றிய கார்டுகளில் சில்லைச் சுற்றிப் பலகை பழுப்பேறியிருக்கும், கிட்ட முகர்ந்தால் கருகல் மணமும் வரலாம்.

கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும்

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை குறைவு என்று கேள்விப்பட்டு இரவு பஸ் ஏறுபவர்கள் உண்டு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம், போக வர பஸ் காசு, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால், வேறு அலுவலும் இருந்தாலொழிய அந்தப் பயணம் கட்டாது. யாழ்ப்பாணக் கடைக்காரரிடம் கொழும்பு விலையைக் காட்டிப் பேசுங்கள். சில ஆயிரம் ரூபா கூட்டிக் கேட்டாலும், பழுதானால் முகவரிடம் அனுப்பி எடுத்துத் தரும் பொறுப்பு அவருடையது என்பதால் அந்தத் தொகைக்குப் பெறுமதி உண்டு. கூரியரில் எடுப்பவர்கள், பொதியைப் பிரிக்கும்போது ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, கார்டின் தொடரிலக்கமும் பெட்டியின் தொடரிலக்கமும் ஒன்றாக இருப்பதைப் பதிவுசெய்ய வேண்டும். கார்டு பூட்டிய முழுக் கணினியையும் பஸ்ஸில் கொண்டுவருவதென்றால், கார்டைக் கழற்றித் தனியாகப் பொதி செய்யுங்கள். பாரமான கார்டு வழியெல்லாம் குலுங்கினால் மதர்போர்டின் துளை உடைந்துவிடும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினரிடம் சொல்லிவிடுவது நம்மவரின் வழக்கம். அதற்கும் கணக்கு வேண்டும். ரொறன்ரோ கடையின் விலைச்சீட்டில் 13 வீத விற்பனை வரி சேர்ந்திருக்காது, லண்டன் விலையில் 20 வீத வரி சேர்ந்திருக்கும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். கார்டு பழுதானால் அடுத்த முறை யாராவது போகும் வரை அலுமாரியில் கிடக்கும். ஆகவே அங்கே விலை வித்தியாசம் உண்மையிலேயே பெரிதாக இருந்தால் மட்டும் கேளுங்கள், கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், காசையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

காசு கொடுக்கும்போது

விளம்பர விலை அனேகமாக ரொக்க விலை. கடனட்டையை நீட்டினால் 3 வீதம் கூட்டும் கடைகள் உண்டு. 105,000 ரூபாக் கார்டில் அது 3,150 ரூபா. வட்டியில்லாத் தவணை என்று வங்கி அறிவித்திருந்தாலும், அந்தத் தவணை ரொக்க விலைக்கா அல்லது கூட்டிய விலைக்கா என்று கேட்க வேண்டும்.

பற்றுச்சீட்டின் அடியில் இருக்கும் சிறிய எழுத்துகளைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். ஓராண்டு உத்தரவாதம் என்பதை 350 நாட்கள் என்று பொருள்கொள்வது நம் நாட்டுக் கணினிக் கடைகளில் நெடுநாளைய வழக்கம். மூன்று ஆண்டு உத்தரவாதமும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்பே முடிந்துவிடும். எரிந்த தடம், மின்னல், துரு, உடைவு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் எழுதியிருப்பார்கள். கடலோரத்தில் வசிப்பவருக்கு அந்தத் ‘துரு’ என்ற ஒரு சொல்லே உத்தரவாதத்தின் பாதியைத் தின்றுவிடும் என்பதால், கணினியை யன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வணிகரின் கடமை. உத்தரவாதத்தில் ஏமாற்றப்பட்டால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வெகுதூரம் போகாது. பல கடைகள் தருவது வெப்பத் தாளில் அச்சிட்ட சீட்டு, அது நம் வெயிலில் சில மாதங்களுக்குள் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்து, கைத்தொலைபேசியிலும் படம்பிடித்து வையுங்கள்.

புதிய கார்டென்றாலும் முதல் வாரத்திலேயே மேலே சொன்ன சோதனைகளை ஓடவிடுங்கள். குறை தெரிந்தால் கடைக்காரர் மாற்றிக் கொடுக்க மனம் வைப்பது அந்த நாட்களில்தான். பிந்தினால் கார்டு முகவரிடம் போய் வரும் வரை காத்திருக்க வேண்டும். பழைய கார்டை எடுத்துவிட்டு வேறு நிறுவனத்தின் கார்டைப் பூட்டுபவர்கள், பழைய டிரைவரை முற்றாக அகற்றிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும். கார்டு பழுது என்று கடைக்குத் திரும்பி வருபவற்றில் சில இந்த ஒரு வேலையோடு சரியாகிவிடுகின்றன. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல், கணினியின் பிளக்கையும் ரவுட்டரிலிருந்து வரும் வயரையும் கழற்றிவிடுங்கள்.